முதலில் ஒரு முகவரி

செப்டம்பர் மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் செல்லும் விமானத்தில் மாணவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எடை போட்டுக் கட்டிய பெட்டிகள் சரக்கறைக்குப் போயிருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் இருக்கும். அதைத் தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கக்கூட மனம் வராது. சேர்க்கைக் கடிதம், முடக்கக் கணக்குச் சான்று, மருத்துவக் காப்பீட்டுத் தாள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் அதற்குள் வரிசையாக இருக்கும். இல்லாத தாள் பெரும்பாலும் ஒன்றுதான்: தங்கப்போகும் அறைக்கான வாடகை ஒப்பந்தம்.

"போய்ப் பார்த்துக்கலாம், யாராவது சீனியர் இருப்பாங்க" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். பல ஊர்களுக்கு இந்தத் தைரியம் போதும். ஜெர்மனிக்குப் போதாது. அங்கே அறை என்பது படுத்துத் தூங்கும் இடம் மட்டுமாக இருப்பதில்லை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது கூட்டாட்சிப் பதிவுச் சட்டம். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அன்மெல்டுங் முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வெளிநாட்டவர் அலுவலகம் குடியிருப்பு அனுமதி தருவதற்கும் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்கும். வங்கிக் கணக்கு, பகுதிநேர வேலை, கைப்பேசி ஒப்பந்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே அந்த ஒரு தாளில் போய் நிற்கும். ஆகவே அறை தேடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதில்லை. "இந்த முகவரியில் பதிந்துகொள்ளலாமா?" என்பதுதான். முகவரி பதிய முடியாத அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மாணவருக்கு அது அறையே இல்லை.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் 49,483 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். சீன மாணவர்களைவிட இந்திய மாணவர்கள்தான் இப்போது அதிகம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது இவ்வளவு பேரை இழுக்கிறது. மிச்சமாகும் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், வாடகைக்கு என்பதுதான் நேரான பதில்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விசாவுக்காக ஷ்பெர்கொன்டோ என்னும் முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகைதான். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். ஜெர்மன் அரசு தன் சொந்த மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகையின் உச்ச அளவை வைத்து இந்த எண் வந்தது. அந்த உதவித்தொகையில் வாடகைக்கென்று ஒதுக்கியிருப்பது 380 யூரோ. ஆனால் 2024-25 குளிர்காலப் பருவத்தில் பகிர்வு வீட்டில் ஓர் அறையின் சராசரி வாடகை 489 யூரோ, மியூனிக்கில் 790 யூரோ என்று மோசஸ் மெண்டல்சோன் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. மியூனிக் மாணவர் 992இல் 790ஐக் கொடுத்து, மருத்துவக் காப்பீட்டுக்கு 140க்கும் மேல் கட்டினால், மாதம் முழுக்கச் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது அறுபது யூரோ. அதை வைத்து முப்பது நாளை ஓட்ட முடியாது.

இதனால்தான் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யும்போதே ஊரின் வாடகையையும் பார்க்க வேண்டும் என்று இந்த நூல் வற்புறுத்துகிறது. சாக்சனி மாநிலத்துச் செம்னிட்ஸ் போன்ற ஊர்களில் அறை வாடகை மியூனிக்கில் பாதிகூட இராது. தரவரிசையில் பத்து இடம் மேலே இருக்கிறதே என்று ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கிடங்கில் இரவு வேலை பார்த்து வாடகை கட்டுகிற மாணவர், அந்தத் தரவரிசையின் பயனை அனுபவிக்கிறார் என்று சொல்ல முடியாது.

நலக் கழக விடுதி

மலிவான அறைக்கு முதல் கதவு ஷ்டுடீரெண்டென்வெர்க். தமிழில் மாணவர் நலக் கழகம் என்று வைத்துக்கொள்ளலாம். இது பல்கலைக்கழகத்தின் பிரிவு இல்லை, தனி அமைப்பு. முதல் உலகப் போர் முடிந்து பசியும் பணவீக்கமுமாக இருந்த நாட்களில் மாணவர்கள் தங்களுக்குள் கூடிச் சமையலும் உதவியும் நடத்தத் தொடங்கியதிலிருந்து இது வளர்ந்தது. 1921இல் டூபிங்கன் நகரில் இத்தகைய அமைப்புகளின் கூட்டமைப்பு உருவானது. இன்று நாடு முழுக்க 57 கழகங்கள் இருக்கின்றன. விடுதி, மென்ஸா என்னும் உணவகம், மனநல ஆலோசனை, சட்ட ஆலோசனை, மாணவப் பெற்றோரின் குழந்தைகளுக்கான காப்பகம் எல்லாம் இவற்றின் பொறுப்பு. மாணவர் ஒவ்வொரு பருவமும் கட்டும் பருவக் கட்டணத்தில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது. கட்டணத்தைக் கட்டிவிட்டு, இப்படியோர் அமைப்பு இருப்பதே தெரியாமல் படிப்பை முடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

கழக விடுதிகளில் ஏறத்தாழ 1,96,000 இடங்கள் இருக்கின்றன. நாட்டில் மாணவர் தொகையோ 28 லட்சத்துக்கும் மேல். பத்தில் ஒருவருக்குக்கூடப் போதாது. வாடகை பெரும்பாலும் 250 முதல் 400 யூரோவுக்குள், தண்ணீர், மின்சாரம், வெப்பமூட்டல், இணையம் எல்லாம் சேர்த்தே வரும். ஆகவே வரிசை நீளம். மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்பு பல பருவங்களுக்கு நீள்வது வாடிக்கை.

வரிசையில் முன்னால் நிற்க ஒரே வழி சீக்கிரம் விண்ணப்பிப்பது. பல கழகங்கள் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்னரே விண்ணப்பத்தை ஏற்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த அன்று மாலையே அந்த ஊர்க் கழகத்தின் விடுதி விண்ணப்பத்தையும் நிரப்பிவிட வேண்டும். இரண்டும் வெவ்வேறு விண்ணப்பங்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விடுதியும் தானாகக் கிடைக்கும் என்று நம் கல்லூரி ஹாஸ்டல் பழக்கத்தில் நினைத்துக்கொள்பவர்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை வீணாக்கிவிடுகிறார்கள். இன்னொன்று, சில கழகங்களில் குறிப்பிட்ட இடைவெளியில் "எனக்கு இன்னும் அறை தேவை" என்று உறுதிப்படுத்தாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கைப்பேசி நாள்காட்டியில் அதற்கொரு அலாரம் வைப்பது நல்லது.

விடுதி என்றதும் நீண்ட தாழ்வாரமும் வார்டனும் நினைவுக்கு வர வேண்டாம். வார்டன் என்று யாரும் கிடையாது; இரவு எத்தனை மணிக்குத் திரும்பினாலும் கேட்பாரும் கிடையாது. மியூனிக்கில் 1972 ஒலிம்பிக்கின்போது வீராங்கனைகள் தங்கிய பகுதி இன்று மாணவர் குடியிருப்பு. பழைய வீடுகளை இடித்துவிட்டு 2010 வாக்கில் 1,052 சிறு பங்களாக்களாகத் திரும்பக் கட்டினார்கள். தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல இருக்கும். ஒவ்வொன்றும் ஒருவருக்கு. முன்சுவரில் குடியிருப்பவரே தம் விருப்பப்படி ஓவியம் தீட்டிக்கொள்ளலாம். அங்கே இடம் கிடைத்தவர் பேறு பெற்றவர்தான்.

விடுதிச் சாவியைப் பற்றிச் சிறிய எச்சரிக்கை. சாவி தருபவர் ஹவுஸ்மைஸ்டர் என்னும் கட்டடப் பொறுப்பாளர். அவர் வாரநாட்களில் சில மணி நேரம் மட்டுமே இருப்பார். சனிக்கிழமை மாலை இறங்கும் மாணவர் திங்கள் காலை வரை வாசலில்தான் நிற்க வேண்டும். விமானச் சீட்டு எடுக்குமுன் சாவி தரும் நாளையும் நேரத்தையும் மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் மாதம் முதல் தேதியில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் வருபவர் அந்த இரவுகளுக்கு இளைஞர் விடுதியில் படுக்கை பதிந்துகொண்டு வர வேண்டும்.

விளம்பரத்தைப் படிப்பது எப்படி

விடுதி கிடைக்காதவர்களுக்கு அடுத்த வழி வே-கே. ஒரே வீட்டை மூன்று நான்கு பேர் எடுத்து, ஆளுக்கோர் அறையில் இருந்துகொண்டு, சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. விளம்பரங்கள் சுருக்கெழுத்தில் இருக்கும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளலாம்: "மூவர் வே-கே, 14 ச.மீ., கே.எம். 340, என்.கே. 90, கௌட்ஸியோன் 2 எம்.எம்., 1.10 முதல் 31.3 வரை."

கே.எம். என்றால் கால்ட்மீட்டெ, குளிர்ந்த வாடகை. வெறும் நான்கு சுவருக்கான தொகை. என்.கே. என்பது தண்ணீர், குப்பை, வெப்பமூட்டல் முதலிய உபசெலவுகள். இரண்டையும் கூட்டினால் வார்ம்மீட்டெ, சூடான வாடகை. மாதம் கையைவிட்டுப் போவது இந்த 430தான், 340 இல்லை. மின்சாரமும் இணையமும் அதில் சேர்த்தியா என்று தனியே கேட்க வேண்டும். கௌட்ஸியோன் என்பது நம்மூர் அட்வான்ஸ். 2 எம்.எம். என்றால் இரண்டு மாதக் குளிர்ந்த வாடகை, அதாவது 680 யூரோ. கடைசியில் உள்ள தேதிகள் முக்கியமானவை. அறைக்குரியவர் ஒரு பருவம் வெளியூர் போகிறார், மார்ச் 31 அன்று திரும்பிவிடுவார். அன்று பெட்டியோடு வெளியேற வேண்டும்.

இப்போது முதல் மாதக் கணக்கு: வாடகை 430, அட்வான்ஸ் 680, மொத்தம் 1,110 யூரோ. முடக்கக் கணக்கிலிருந்து மாதம் வருவதோ 992. முதல் மாதமே பற்றாக்குறை. இதைப் பலரும் அங்கே போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். முடக்கக் கணக்குப் பணத்துக்கு அப்பால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு யூரோ தனியே வைத்துக்கொண்டு கிளம்புவது அவசியம். சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கும். ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 551ஆம் பிரிவுப்படி அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர்ந்த வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதை மூன்று சம தவணைகளாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. பத்து மாத அட்வான்ஸைக் கேட்டுப் பழகிய சென்னைக் காதுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

தனி வீடு எடுப்பவர்கள் விளம்பரத்தில் இ.பி.கே. என்ற மூன்றெழுத்தைத் தேட வேண்டும். சமையலறை பொருத்தியிருக்கிறது என்று பொருள். இந்த எழுத்துகள் இல்லாவிட்டால் சமையலறை என்ற பெயரில் வெறும் சுவரும் இரண்டு தண்ணீர்க் குழாயும் மட்டும் இருக்கலாம். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் வாடகைதாரர் வாங்கிப் பொருத்த வேண்டும். வீட்டுத் தரகர் கமிஷன் கேட்டால், 2015 ஜூன் முதல் தரகரை அமர்த்தியவர்தான் கட்டணம் தர வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு மாணவர் காசு தர வேண்டியதில்லை.

வே-கேயில் அறையைத் தருவது வீட்டுக்காரரைவிட அங்கே இருப்பவர்களின் முடிவு. நேரிலோ காணொளியிலோ அரை மணி நேரம் பேசிப் பார்ப்பார்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கும் விண்ணப்பக் கடிதம் அங்கே எடுபடாது. விளம்பரத்தில் அவர்கள் தங்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தாம் என்ன படிக்கிறார், எத்தனை மாதம் இருப்பார், சமைப்பாரா, காலையில் எழுபவரா என்று நாலு வரி எழுதினால் போதும். அந்த நாலு வரியில் இரண்டு ஜெர்மனில் இருந்தால் இன்னும் நல்லது. ஐம்பது செய்தி அனுப்பி ஐந்து பதில் வந்தாலும் சோர்ந்துவிடக் கூடாது. பெயரையோ நிறத்தையோ காரணமாக வைத்து மறுப்பதும் நடக்கத்தான் செய்கிறது. 2006இலிருந்து சம நடத்தைச் சட்டம் இருக்கிறது. உரிமை கோர இரண்டு மாதம்தான் அவகாசம். கூட்டாட்சிப் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக வழி சொல்லும்.

ஊருக்குள்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்தால் வழி இன்னும் விரியும். 2024 கோடைப் பருவத்திலிருந்து பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்தோடு நாடு தழுவிய மாணவர் பயணச் சீட்டும் வருகிறது. பொதுமக்கள் வாங்கும் நாடு தழுவிய மாதச் சீட்டான டொய்ச்லாண்ட் டிக்கெட் விலையில் 60 சதவீதம்தான். விரைவு ரயில்கள் நீங்கலாக நாட்டின் எல்லா உள்ளூர், வட்டார ரயிலிலும் பேருந்திலும் செல்லும். லைப்ஸிக்கில் படிப்பவர் ஹாலேயில் தங்கலாம்; மியூனிக்கில் படிப்பவர் ஆக்ஸ்பர்க்கிலிருந்து வந்து போகலாம்.

சாவி தபாலில் வராது

அறைப் பஞ்சம் இருக்கும் இடத்தில் ஏமாற்றுபவர்களும் இருப்பார்கள். இந்தியாவில் இருந்துகொண்டே தேடும் மாணவர்தான் அவர்களுக்கு எளிய இரை. கதை எப்போதும் ஏறத்தாழ ஒன்றுதான். நகரின் நடுவில், வெளிச்சமான வீடு, வாடகை நம்ப முடியாத அளவு குறைவு. வீட்டுக்காரர் வேலைக்காக வேறு நாட்டில் இருப்பதாகச் சொல்வார், வீட்டைக் காட்ட ஆள் இல்லை என்பார். இரண்டு மாத வாடகையை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும், பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் உறுதி கொடுப்பார். நம்பிக்கை வருவதற்காகத் தன் கடவுச்சீட்டுப் படத்தையும் அனுப்புவார். அது இதற்கு முன் ஏமாந்த வேறொருவருடைய கடவுச்சீட்டாக இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து அப்பா அனுப்பிய பணம் ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்பி வராது.

ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். நேரில் பார்க்காத, அல்லது அங்கே இருக்கும் நம்பகமான ஒருவர் போய்ப் பார்க்காத அறைக்கு ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. மாணவர் நலக் கழகமும், அலுவலகம் வைத்து நடத்தும் தனியார் மாணவர் விடுதிகளும் இதற்கு விலக்கு. அவர்கள் முறையான ஒப்பந்தம் தந்து முன்பணம் கேட்பது வழக்கம். தனியார் விடுதி வாடகை அதிகம்தான். ஆனால் முதல் பருவத்துக்கு மட்டும் அங்கே தங்கி, ஊரைப் புரிந்துகொண்டு, மலிவான அறைக்கு மாறுவது நல்ல திட்டம். கடவுச்சீட்டு நகலையும் கேட்டவருக்கெல்லாம் அனுப்பக் கூடாது.

நம்மவர்கள் வழியாக நடக்கும் இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். தங்குவது ஓரிடம், பதிவது நண்பரின் முகவரி. "சும்மா பேப்பருக்குத்தான்" என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் குடியேற்றச் சான்று, வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங், இல்லாமல் அன்மெல்டுங் நடக்காது. குடியிருக்காத முகவரியைப் பதிவுக்குக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நண்பர் மீது இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. ஒருவருக்கான அறையில் மூவர் தங்குவதும் ஒப்பந்த மீறல்தான். பிடிபட்டால் மூவரும் ஒரே நாளில் தெருவுக்கு வருவார்கள்.

குடியேறும் நாள்

அறைக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு நுழைந்ததும் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போடுவது இயல்பு. அதற்கு முன் ஒரு கால் மணி நேரம் தேவை. வீட்டுக்காரரோ ஹவுஸ்மைஸ்டரோ ஒரு படிவம் வைத்திருப்பார். அதற்கு உய்பர்காபெப்ரோடோகோல், ஒப்படைப்புப் பதிவேடு என்று பெயர். சுவரில் ஆணி ஓட்டை, தரையில் கீறல், ஜன்னல் கைப்பிடியின் ஆட்டம், சமையல் மேடையில் கருகிய வட்டம், கழிவறை மூடியில் விரிசல் என்று கண்ணில் படும் ஒவ்வொன்றையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே தனக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டால் தேதி சாட்சியாக நிற்கும். தண்ணீர், வெப்ப மீட்டர் எண்களையும் சாவிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டு "எல்லாம் சரிதான் சார்" என்று கையெழுத்துப் போட்டால், இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கருகிய வட்டத்துக்கு அட்வான்ஸிலிருந்து பணம் போகும்.

அடுத்தது தபால் பெட்டி. ஜெர்மனியில் தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறார். பெட்டியிலும் அழைப்பு மணியிலும் மாணவரின் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் அந்தக் கடிதங்களில்தான் வருகின்றன. கடவுச்சீட்டில் இருக்கும் பெயரை அப்படியே ஒரு துண்டுத் தாளில் எழுதி அன்று மாலையே ஒட்டிவிட வேண்டும். அப்பா பெயர் முதலில் வரும் நம் பெயர் முறையில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்ற குழப்பம் வரும். முழுப் பெயரையும் எழுதினால் பிரச்சினை இல்லை.

அன்மெல்டுங் முடிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. அது சட்டப்படியான கட்டணம், மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆனால் ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று. மூவர் வே-கேயில் ஏற்கெனவே ஒருவர் கட்டினால், அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிட்டு, தன் பங்கான 6.12 யூரோவை அவரிடம் தந்தால் போதும். பொதுத் தாழ்வாரத்தில் தனித்தனியாகக் கதவு திறக்கும் விடுதி அறை தனி வீடாகவே எண்ணப்படும்.

ஆவி, புகை, ஜன்னல்

ஜெர்மன் வீட்டுக்காரருக்கும் தமிழ் மாணவருக்கும் இடையே தகராறு வந்தால் பாதி நேரம் காரணம் ஜன்னலாக இருக்கும். குளிர்காலத்தில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். உள்ளே குக்கர் மூன்று விசில் விடுகிறது, சாம்பார் கொதிக்கிறது, துவைத்த துணி நாற்காலி முதுகில் காய்கிறது. ஜன்னல் மூன்று நாளாகத் திறக்கவில்லை. அந்த ஆவியெல்லாம் போக இடமில்லாமல் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படியும். அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் மூலையில், முதலில் சாம்பல் நிறத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல ஒரு திட்டு தெரியும். ஒரு மாதத்தில் கறுத்து விரியும். பூஞ்சணம். மூச்சுக்கும் கேடு, அட்வான்ஸுக்கும் கேடு.

இதற்கு ஜெர்மானியர் சொல்லும் மருந்து ஷ்டோஸ்லூஃப்டன். வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, ஜன்னலை முழுக்கத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்றை மாற்றிவிட்டு மூடுவது. காலை, மாலை, சமைத்த பின், குளித்த பின். நாள் முழுக்க ஜன்னலைக் கொஞ்சமாகச் சாய்த்து வைப்பதால் வெப்பம்தான் வீணாகும், ஈரம் போகாது. வெப்பமூட்டியின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்பது சுமார் 20 டிகிரி. 5இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்பது தவறான நம்பிக்கை. அப்படியே விட்டுவிட்டால் ஆண்டுக் கடைசிக் கணக்கில் உபசெலவு பாக்கி என்று சில நூறு யூரோ வந்து நிற்கும்.

கடுகு தாளிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புகைபோக்கியை ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்துகொள்ள வேண்டும். கூரையில் இருக்கும் புகை உணர்கருவி சட்டப்படி கட்டாயம். தொல்லையாக இருக்கிறதென்று அதைக் கழற்றுவதோ பிளாஸ்டிக் பையால் மூடுவதோ உயிருக்கு ஆபத்து. 2021 பிப்ரவரியில் மியூனிக்கின் பெரிய மாணவர் குடியிருப்பான ஷ்டுடென்டன்ஷ்டாட்டில் தீப்பிடித்து ஒருவர் இறந்தார்.

மிக்ஸி கொண்டு போகலாமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி. கொண்டு போகலாம். மின்னழுத்தம் அங்கேயும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் தேவை. அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது என்பதால், அறையில் எந்த அடுப்பு என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி ஓட்டுவதைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்வது அண்டை வீட்டாருடன் நல்லுறவுக்கு உதவும். கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் கவலைப்பட வேண்டாம். ஈழத் தமிழர்கள் நாற்பது ஆண்டுகளாகக் குடியேறியிருக்கும் நாடு அது. ஹாம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது. பெரிய நகரங்களில் அவர்களுடைய மளிகைக் கடைகளும் இருக்கின்றன.

கேட்டால் கிடைக்கும் உதவி

நம் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, சிக்கல் வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது. நவம்பரில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். முதல் தேர்வில் தோற்றிருப்பார், வேலை கிடைத்திருக்காது, வீட்டில் கல்விக் கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்கு அழைத்தால் "நல்லா இருக்கேம்மா" என்பார். மாணவர் நலக் கழகத்தின் மனநல ஆலோசகர்கள் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இருக்கிறார்கள். பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. அங்கே சொன்னதைப் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ சொல்ல மாட்டார்கள். ரகசியம் காப்பது அவர்களுக்குச் சட்டக் கடமை. போவதால் விசாவுக்குப் பாதிப்பு வரும் என்ற பயத்துக்கு ஆதாரமே கிடையாது.

பணம் தீர்ந்துபோனால் முதலில் கழகத்தின் சமூக ஆலோசனைப் பிரிவு. அடுத்து, பெரும்பாலான பல்கலைக்கழக ஊர்களில் இருக்கும் புரொட்டஸ்டண்ட், கத்தோலிக்க மாணவர் சபைகள். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கென்று அவசர நிதி அவர்கள் வழியாகக் கிடைக்கும். மதம் பார்ப்பதில்லை. வேலை பார்ப்பவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பை எழுதிவைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். வாடகைச் சிக்கலுக்கு மீட்டர்ஃபெராயின் என்னும் வாடகைதாரர் சங்கம். மாணவர் மன்றங்கள் பலவும் இலவசச் சட்ட ஆலோசனை நேரம் வைத்திருக்கின்றன. வீட்டுக்காரருக்குக் கோபமாக மின்னஞ்சல் எழுதுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்வருவது மேல். இரவில் உடம்புக்கு முடியாமல் போய், உயிராபத்து இல்லை என்றால் 116117. உயிராபத்து என்றால் 112.

காலி செய்யும்போது

அறையை விடுவதற்கும் நியதி உண்டு. காலவரையறை இல்லாத ஒப்பந்தம் என்றால் மூன்று மாத முன்னறிவிப்பு. மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் கடிதம் வீட்டுக்காரர் கைக்குப் போயிருக்க வேண்டும். தாளில் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம்தான் செல்லும். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செல்லாது. மார்ச் கடைசியில் கிளம்பத் திட்டமிட்டுவிட்டு பிப்ரவரியில் மின்னஞ்சல் அனுப்பியவர், தான் இல்லாத அறைக்கு மாதக்கணக்கில் வாடகை கட்ட நேரிடும்.

அட்வான்ஸ் உடனே கைக்கு வராது. சேதம் உண்டா என்று பார்க்கவும் உபசெலவுக் கணக்கை முடிக்கவும் வீட்டுக்காரருக்குச் சில மாத அவகாசம் உண்டு. உபசெலவுக் கணக்கை அந்தக் கணக்காண்டு முடிந்த 12 மாதத்துக்குள் அவர் தர வேண்டும். ஆகவே ஊருக்குத் திரும்புபவர் விமானம் ஏறுவதற்கு முன் ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடிவிடக் கூடாது. புது முகவரியையும் கணக்கு எண்ணையும் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்படைப்புப் பதிவேட்டை மறுபடியும் நிரப்பி, முதல் நாள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அன்றுதான்.

நாட்டைவிட்டே கிளம்புபவர்கள் நகர அலுவலகத்தில் முகவரியை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, கிளம்பிய இரண்டு வாரம் வரை இதைச் செய்யலாம். அங்கே தரும் நீக்கச் சான்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒலிபரப்புக் கட்டணத்தையும் மற்ற ஒப்பந்தங்களையும் நிறுத்த அதைத்தான் கேட்பார்கள்.